தோட்ட வேலைக்கு 6 இலட்சத்து 85 ஆயிரம் ரூபா கொட்டேசன்: கையெழுத்து வைக்கலாமா?

தெஹிவளை மகள்
தெஹிவளையில் அம்மா வீட்டு முன்வளவு கிட்டத்தட்ட 5 பேர்ச். அப்பா போனபிறகு பற்றை பிடித்துக் கிடக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வழுக்காமல் நடக்கவேணும், பின்னேரத்தில் பலாவுக்குக் கீழே கதிரை போட்டு இருக்கவேணும், இவ்வளவுதான் அவவின் ஆசை.

வந்து பார்த்தவர் ஒரு தாளில் தந்தது இது: துப்புரவும் மட்டப்படுத்தலும் மொத்தமாக 1,40,000. மேல்மண் 5 கியூப். மலேசியப் புல் 900 சதுர அடி. இன்டர்லொக் தரைக்கல் 300 சதுர அடி. "கலப்புச் செடிகள்" 1,20,000. என்னென்ன என்று கேட்டதற்குப் பாதிக்கு மேல் புரோமீலியாட் (அன்னாசி மாதிரி இலை விரிக்கிற அலங்காரச் செடி) என்றார். பலா அகற்ற 45,000, வேர் மதிலை வெடிக்கவைக்குமாம். எல்லாம் சேர்த்து 6,85,000, வற் (பெறுமதி சேர் வரி) தனி. 60 வீதம் முற்பணம். அந்தப் பலா அப்பா வைத்தது. என்ன கேட்கவேணும் என்றே எனக்குத் தெரியேல்லை.

பழைய ஓவர்சியர்
தங்கச்சி, கையெழுத்து வைக்காதேங்கோ. முதலில் மண்ணைப் பாருங்கோ. ஒரு கியூப் என்றால் 100 கன அடி. 5 கியூபை 900 சதுர அடியில் பரப்பினால் ஆறரை அங்குலத்துக்கு மேல் உயரும். புல்லுக்கு 3 அங்குலம் நல்ல மண் போதும், அதற்கு இரண்டேகால் கியூப் காணும். மிச்சம் காசு மட்டும் இல்லை. அவ்வளவு உயர்த்தினால் மண் வீட்டுச் சுவரில் ஈரத்தடுப்புப் படைக்கு மேலே ஏறி, சுவர் ஈரம் இழுக்கும். பலாவின் வேருக்கும் மூச்சு முட்டும்.

பலாவைப் பற்றி: 1951ஆம் ஆண்டுச் சட்டப்படி பலா, ஈரப்பலா, பெண் பனை மூன்றையும் அனுமதி இல்லாமல் வெட்ட ஏலாது. பிரதேச செயலகத்தில் விண்ணப்பிக்கவேணும். அதைச் சொல்லாமல் 45,000 போட்டவரிடம் அனுமதி யார் எடுக்கிறது என்று கேளுங்கோ. மதிலில் உண்மையிலேயே வெடிப்பு இருக்கா? நேரில் போய்ப் பாருங்கோ.

இன்டர்லொக்கில் கல்லின் விலையை விட அடித்தளம்தான் வேலை. எவ்வளவு ஆழம் தோண்டுவார், ஏபிசி (அடித்தளத்துக்குப் போடுகிற கலப்புச் சல்லி) எத்தனை அங்குலம் போட்டு இறுக்குவார், ஓரத்துக்கு கொன்கிரீட் கட்டுவாரா என்று எழுத்தில் வேணும். நடக்கிற பாதைக்கு 60 மில்லிமீற்றர் கல் போதும், வாகனம் ஏறுமென்றால் 80. அடித்தளம் சரியில்லாவிட்டால் கல் தாழும், அம்மாவின் கால் அதில்தான் இடறும்.

"மொத்தமாக" என்ற வரியை உடைத்துத் தரச் சொல்லுங்கோ. வற் 18 வீதம் என்றால் இன்னும் 1,23,300. பதிவு செய்தவர்தான் அதை அறவிடலாம், பதிவிலக்கத்தைக் கேளுங்கோ. முற்பணம் 25 வீதத்துக்கு மேல் நான் என்றால் கொடுக்கமாட்டேன். கடைசி 10 வீதம் புல் பிடித்தபிறகு.

இன்னொன்று. அடுத்த மழைக்குக் குடையோடு வெளியே நின்று தண்ணி எந்தப் பக்கம் ஓடுது என்று பாருங்கோ.

கிருலப்பனை அக்கா
புரோமீலியாட் வேண்டாம் பிள்ளை. இலை இடுக்கில் தண்ணி நிற்கும், டெங்கு நுளம்பு அதிலேயே முட்டை இடும். எங்கட ஒழுங்கையில் சுகாதாரப் பரிசோதகர் வந்து முதலில் அதைத்தான் கவிழ்த்துப் பார்த்தார். என்ர மகனுக்கு டெங்கு வந்து ஒன்பது நாள் ஆசுபத்திரியில் இருந்தோம். வீட்டில் இருந்த பத்துச் செடியையும் பிடுங்கி எறிந்தேன். அம்மாவுக்கு நந்தியாவட்டையும் மல்லிகையும் வையுங்கோ, பூசைக்கும் ஆகும்.

தெஹிவளை மகள்
எல்லாருக்கும் நன்றி. நேற்றுப் பின்னேரம் நல்ல மழை, அண்ணா சொன்னமாதிரி நின்று பார்த்தேன். தெருவிலிருந்து வளவுக்குள் இறங்கி, வாசற்படிக்கு முன்னால் தேங்கியது. இரண்டு மணித்தியாலம் வற்றவில்லை. அந்தத் தாளில் கான் என்ற சொல்லே இல்லை! மண்ணை உயர்த்தியிருந்தால் தண்ணி விறாந்தைக்குள் வந்திருக்கும்.

மதிலையும் பார்த்தேன். வெடிப்பு இருக்கு, ஆனால் பலா நிற்கிற பக்கத்தில் இல்லை, கேற் பக்கத்தில்.

கொட்டேசன் தந்தவருக்கு இன்று காலை எடுத்துச் சொன்னேன்: பலா நிற்கும், புரோமீலியாட் வேண்டாம், மண் இரண்டேகால் கியூப், கான் வேலையைத் தாளில் தனியாக எழுதவேணும். திரும்ப அளந்து தருகிறாராம். வேறு இரண்டு பேரையும் சனிக்கிழமை வரச்சொல்லியிருக்கிறேன், மூன்று பேருக்கும் ஒரே பட்டியலைத்தான் கொடுப்பேன். அம்மா கதிரையைத் துடைத்து இப்பவே பலாவுக்குக் கீழே வைத்துவிட்டா.