மறு: ‘குறியீட்டு விதிகள்’ வேண்டாம், ‘நிரல்நடை’ என்போம்

நண்பர்களுக்கு வணக்கம். நிரலை (கணினிக்கான கட்டளைத் தொகுப்பை) எப்படி ஒழுங்காக எழுதுவது என்பதைக் குறிக்கும் ‘coding style’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்ற நம் உரையாடலுக்கு இது என் மறுமொழி.

> ‘குறியீட்டு விதிகள்’ என்றே வைத்துக்கொள்ளலாம். எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தவறாகப் புரியும் என்பதே என் கவலை. ‘குறியீடு’ என்றதும் கூட்டல், கழித்தல் அடையாளங்கள்தாம் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல் ‘விதி’. மொழியின் விதியை மீறினால் நிரல் ஓடாது. நாம் பெயர் தேடுவதோ, மீறினாலும் நிரல் ஓடுகிற இடத்தில் தொடங்கும் ஒழுங்குக்கு.

பைத்தான் என்ற நிரல்மொழியைப் பாருங்கள். நிபந்தனைக்குக் கீழ்வரும் வரியை உள்தள்ளாமல், அதாவது தொடக்கத்தில் இடைவெளி விடாமல் எழுதினால் பிழை காட்டி நின்றுவிடும். அது இலக்கணம். ஆனால் இரண்டு இடைவெளி விட்டாலும் எட்டு விட்டாலும், ஒரு தொகுதிக்குள் சீராக இருந்தால் பைத்தானுக்குப் போதும். நான்கு இடைவெளி என்பது பைத்தான் நிரல்களை எழுதும் நடைக்காக 2001இல் எழுதப்பட்ட ‘பெப் 8’ (PEP 8) ஆவணத்தின் பரிந்துரை. படிப்பதற்குத் தடையாக இருந்தால் தன் பரிந்துரையைக் கைவிடலாம் என்று அந்த ஆவணமே இடம் தருகிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலிலோ, இடைவெளிகளுக்குப் பதிலாக டேப் (Tab) விசைதான், அதுவும் எட்டு எழுத்து அகலம். இவற்றில் எது பிழை? எதுவுமில்லை. உள்தள்ளல் என்ற ஒரே செயலில் இலக்கணமும் இருக்கிறது, நடையும் இருக்கிறது. நம் கலைச்சொல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும்.

‘நிரல் யாப்பு’ என்ற முன்மொழிவு மிக அழகானது. இரண்டு நாள் அதன் பக்கமே சாய்ந்திருந்தேன். ஆனால் தளை தட்டினால் வெண்பா வெண்பாவாக இருக்காது. ஆகவே யாப்பும் இலக்கணத்தின் பக்கமே போய் நிற்கிறது. ‘உரைநடை’யில் உள்ள ‘நடை’ அப்படியன்று. ஒரே செய்தியை இருவர் இரு நடையில் எழுதலாம், இரண்டும் தமிழாகவே இருக்கும்.

> எங்கள் திட்டத்தில் இதைப் பின்பற்றாத மாற்றங்களை ஏற்பதில்லை. பிறகு அது விதிதானே?

நல்ல கேள்வி. பத்திரிகை அலுவலகமும் தன் நடைக்கு ஒவ்வாத கட்டுரையைத் திருத்தித்தான் வெளியிடும். அதனால் அந்த நடை தமிழ் இலக்கணம் ஆகிவிடுவதில்லை. கட்டாயம் அந்த வீட்டுக்குள் மட்டும். அத்தகைய திட்ட ஆவணத்தை ‘நடைக்கையேடு’ எனலாம். அதில் உள்ள ஒவ்வொரு வழக்கமும் ‘நடைமரபு’. மீறல்களைக் கண்டுபிடித்துச் சொல்லும் கருவி ‘நடைச் சரிபார்ப்பி’. ஒரு வேரிலிருந்து இத்தனை சொற்கள் இயல்பாகக் கிளைப்பதே எனக்குப் பெரிய சான்று. ‘குறியீட்டு விதிகள் சரிபார்ப்பி’ என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

புணர்ச்சிப்படி ‘நிரனடை’ என்றுதானே வரவேண்டும் என்று இலக்கணம் அறிந்தவர்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அப்படிச் சேர்த்தால் ‘நிரல்’ கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், புதிதாகப் படிக்கும் மாணவர் தடுமாறுவார். புதுச்சொல் வேரூன்றும்வரை பிரித்தறியும்படி ‘நிரல்நடை’ என்றே எழுதுவோம். இதில் மட்டும் இலக்கணம் கற்றவர்கள் கருத்தைக் கேட்டு முடிவு செய்யலாம், நான் ஏற்கிறேன்.

அன்புடன்.