குடல் நுண்ணுயிரி ஆய்வில் சேர்ந்தவர்கள் இருக்கிறீர்களா? முதலில் என் கதை

சிட்னிவாசி:

பத்து ஆண்டுகளாக எனக்குப் பெருங்குடல் அழற்சி, அதாவது அல்சரேட்டிவ் கோலைட்டிஸ். இந்த நோய் உள்ளவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இல்லாதவர்களுக்கு ஒரே வரி: எந்த ஊருக்குப் போனாலும் கோபுரத்தைப் பார்ப்பதற்கு முன் கழிப்பறை எந்தப் பக்கம் என்று பார்த்து வைப்பவன் நான். மெசலமைன் மாத்திரை, அது கைவிட்டால் ஸ்டீராய்டு, அதில் முகம் பூசணிக்காயாக உப்புவது, பிறகு மறுபடியும் மெசலமைன். இதுதான் என் வாழ்க்கைச் சக்கரம்.

ஒருநாள் என் மருத்துவர் ஓர் ஆய்வைப் பற்றிச் சொன்னார். ஆரோக்கியமான ஒருவரின் மலத்தைக் கரைத்து, வடிகட்டி, அதிலுள்ள நுண்ணுயிரிகளை நோயாளியின் பெருங்குடலுக்குள் செலுத்துவார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. ஆம்ஸ்டர்டாமில் நடந்து 2013இல் வெளியான ஆய்வை எடுத்துக் காட்டினார். கிளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற கிருமியால் திரும்பத் திரும்ப வயிற்றுப்போக்கு வந்தவர்களில், இந்தக் கரைசலைப் பெற்ற 16 பேரில் 13 பேருக்கு முதல் முறையிலேயே குணம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் குணமானவர்கள் 4 பேர். வித்தியாசம் அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்ததும், “உங்கள் நோய் வேறு. அந்தக் கணக்கை இதற்குப் போடாதீர்கள்” என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகவே ஒப்புதல் படிவத்தை வாங்கிக்கொண்டேன்.

படிவத்தில் என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. சிகிச்சைக்கு முன் என் மலத்தையும் நான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எதற்கு? ஒரு பிரிவினருக்குக் கொடையாளரின் மலக் கரைசல், இன்னொரு பிரிவினருக்கு அவரவருடையதே. வெறும் உப்புநீரைக் கொடுத்தால் நிறமும் வாடையும் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? எனக்கு எது என்று எனக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மூடி போட்ட குடுவையை ஐஸ்கட்டிகளோடு பெட்டியில் வைத்துக் காரில் கொண்டுபோன காலையில் மனைவி சொன்னது: “மதியச் சாப்பாட்டுப் பை நீலம். இது சிவப்பு. மாற்றி எடுத்துவிடாதீர்கள்.” தஞ்சாவூரில் இருக்கும் அம்மாவிடம் ‘புது மருந்து’ என்று மட்டும் சொன்னேன். முழுவதையும் சொல்லியிருந்தால் அடுத்த விடுமுறையில் வாசலிலேயே தலையில் தண்ணீர் ஊற்றித்தான் உள்ளே விட்டிருப்பார்.

முதலில் பெருங்குடலுக்குள் குழாய் விடும் கொலோனோஸ்கோப்பி வழியாக, பிறகு அதே வாரத்தில் இரண்டு முறை எனிமாவாக. மூன்றாவது வாரம் ரத்தம் நின்றது. ஐந்தாவது வாரம் ஊறுகாய் தொட்டுக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டேன். என் வாய் நிற்கவில்லை. அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் பாக்டீரியாவைப் பற்றி வகுப்பு எடுத்தேன். யாரோ ஒரு நல்ல மனிதரின் குடல் என்னைக் காப்பாற்றியது என்று நண்பர்களிடம் உருகினேன்.

ஆய்வு முடிந்து கடிதம் வந்தது. எனக்குக் கொடுத்தது என்னுடையது.

என் சரக்கையே எனக்கு ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். நான் அதற்கு ஊரெல்லாம் விளம்பரம் செய்திருக்கிறேன்! இரண்டு நாள் வெட்கமாக இருந்தது. பிறகு இதே முறையில் அடிலெய்டு ஆய்வாளர்கள் நடத்தி 2019இல் வெளியிட்ட முடிவுகளைப் படித்தேன். கொடையாளர் கரைசல் பெற்ற 38 பேரில் 12 பேருக்கு ஸ்டீராய்டு இல்லாமலே நோய் அடங்கியது. தம்முடையதையே பெற்ற 35 பேரிலும் 3 பேருக்கு அடங்கியது. நான் அந்த மூவரின் இனம். இந்த நோய் தானாக ஏறும், தானாக இறங்கும். நான் இறங்குகிற நேரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறேன்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

பாலாற்றங்கரை:

ஐயா, நான் நோயாளி அல்ல. உங்கள் குடுவைகளைச் சுமந்த கூட்டத்தைச் சேர்ந்தவள். வேலூர் மாவட்டத்தில் களப்பணியாளராக இருந்தேன். நம் பக்கத்துக் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டுமருந்து பணக்கார நாட்டுக் குழந்தைகளுக்குப் பிடிக்கிற அளவு பிடிப்பதில்லை. குடலில் ஏற்கெனவே குடியிருக்கும் நோய்க்கிருமிகள்தான் காரணமோ என்று ஒரு சந்தேகம். அதனால் ஆறு முதல் பதினொரு மாதக் குழந்தைகள் 700க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்து, ஒரு பிரிவுக்கு மூன்று நாள் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக், மற்றப் பிரிவுக்கு அதைப்போலவே இருக்கும் வெற்று மருந்து கொடுத்து, பிறகு சொட்டுமருந்து கொடுத்துப் பார்த்தார்கள். ககன்தீப் காங் போன்ற பெரிய ஆய்வாளர்கள் இருந்த குழு அது. எங்களுக்குத் தெரிந்ததோ வெயிலும் ஐஸ்பெட்டியும்தான்.

மலம் கேட்டால் தாய்மார்கள் சிரிப்பார்கள், கொடுத்துவிடுவார்கள். ரத்தம் என்றால்தான் முகம் மாறும். ஒரு பாட்டி என்னிடம், “பால் வாங்க வருகிறவர்கள் உண்டு, சாணி வாங்க வருகிறவர்கள் உண்டு, இதை வாங்க வந்தவள் நீதானம்மா முதல் ஆள்” என்றார். துணியில் போய்விட்டால் உறிஞ்சிவிடும், மாதிரி வீண். குழந்தை எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? திண்ணையில் உட்கார்ந்து காத்திருப்போம். வேர்க்கடலை உரித்துக் கொடுத்திருக்கிறேன், ரேஷன் அட்டை மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு வீட்டில் மாலை நான்கு மணிவரை காத்திருந்து, செருப்பைப் போட்ட நொடியில் குழந்தை போனது. மூடியோடு கரண்டி வைத்த சிறு டப்பாவில் எடுத்து ஐஸில் வைத்துக்கொண்டு ஓடினோம்.

முடிவு 2016இல் வெளியானது. மருந்து நோய்க்கிருமிகளைக் குறைத்தது உண்மை. ஆனால் சொட்டுமருந்து அதனால் கூடுதலாகப் பிடிக்கவில்லை. இரண்டு பிரிவிலும் ஏறத்தாழ பாதிக் குழந்தைகளுக்குத்தான் பலன். ‘இவ்வளவு அலைந்தது இதற்கா’ என்று தோழி ஒருத்தி அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. பலன் இருந்ததாகத் தெரிந்திருந்தால் எத்தனை லட்சம் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள் என்பது பிறகுதான் உறைத்தது.

பாஸ்டன் குளிர்:

அக்கா ஐஸ்பெட்டி தூக்கினார், ஐயா குடுவை தூக்கினார், நான் அதற்கே தகுதியற்றவன் என்று முத்திரை குத்தப்பட்டவன். அமெரிக்காவில் படிக்க வந்த புதிதில் ‘மல வங்கி’யின் விளம்பரம் பார்த்தேன். ஒரு முறை கொடுத்தால் 40 டாலர். தினமும் இலவசமாகக் கழிப்பறையில் விடுவதற்குக் காசா! மாணவ அறை முழுவதும் மனு போட்டோம்.

கேள்வித்தாள் நம் நுழைவுத் தேர்வுகளைத் தோற்கடிக்கும். உடல் எடை, ஒவ்வாமை, மனச்சோர்வு, குடும்பத்தில் யாருக்குச் சர்க்கரை, கடைசியாக ஆன்டிபயாடிக் எப்போது, கடந்த மாதங்களில் எந்த நாட்டுக்குப் போனாய். கடைசிக் கேள்வியில் விழுந்தேன். பொங்கலுக்கு மதுரை போய் வந்திருந்தேன். மனுப் போடுகிறவர்களில் நூற்றுக்கு மூன்று பேர்கூடத் தேறுவதில்லை என்பார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைப்பது இதைவிட எளிது என்பது அங்கே வழக்கமான நகைச்சுவை. என் மானம் மதுரையோடு போயிற்று.

ஆனால் 2019இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விடுத்த எச்சரிக்கையைப் படித்த பிறகு வாயை மூடிக்கொண்டேன். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்த இருவருக்கு, மருந்துக்கு அடங்காத ஈ.கோலி கிருமி கொடையாளரின் மலத்தோடு போய்ச் சேர்ந்தது. ஒருவர் இறந்தார். இருவருக்கும் போனது ஒரே கொடையாளருடையது. அந்தக் கிருமிக்கான சோதனை அதற்கு முன் செய்யப்படவில்லை. அதன் பிறகுதான் சோதனையைக் கட்டாயமாக்கினார்கள். 2023இல் அங்கே அனுமதி பெற்ற வவுஸ்ட் மாத்திரையைப் பாருங்கள்: கொடையாளர் மலத்திலிருந்து பாக்டீரிய வித்துகளை மட்டும் பிரித்தெடுத்தது, நாளுக்கு நான்காக மூன்று நாள். அதுவும் கிளாஸ்ட்ரிடியம் மீண்டும் வராமல் தடுக்க மட்டும்தான்.

சந்தேகப்பிராணி:

நீங்கள் எல்லோரும் இலவசமாக ஏமாந்தீர்கள். நான் காசு கொடுத்து ஏமாந்தேன். ‘குடல் நுண்ணுயிரி வரைபடம்’ என்று ஒரு சோதனை, அதற்கேற்ப மூன்று மாதம் மாத்திரை. வண்ண வண்ணப் படங்களோடு அறிக்கை வந்தது, என் வயிற்றில் எந்த மாற்றமும் வரவில்லை. எங்கள் பாட்டி பழைய சோறு போட்டே அறுபது வருடம் ஓட்டினாள். இதற்கெல்லாம் ஆய்வு எதற்கு?

பாலாற்றங்கரை:

பழைய சோற்றுக்கும் ஆய்வு தேவைதான் தம்பி. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் குடல் மருத்துவர்கள் அதையும் ஆய்வுக்கு எடுத்தார்கள். வங்கதேசத்தைப் பாருங்கள். டாக்காவின் மீர்ப்பூர் குடிசைப் பகுதியில் மெலிந்த குழந்தைகளுக்குக் கொண்டைக்கடலை, சோயா, வேர்க்கடலை, வாழைக்காய் சேர்த்த உணவை மூன்று மாதம் ஊட்டினார்கள். குடலில் எந்த நுண்ணுயிரிகளை வளர்க்க வேண்டும் என்று பார்த்துச் சேர்த்த கலவை. வழக்கமான ஊட்ட உணவைவிட அதில் கலோரி குறைவு, எடையோ நன்றாக ஏறியது, 2021இல் வெளியிட்டார்கள். கொண்டைக்கடலை எல்லாப் பாட்டிகளிடமும் இருந்தது. இந்தக் கலவைதான் வேலை செய்யும் என்று எந்தப் பாட்டிக்கும் தெரியாது.

சிட்னிவாசி:

சந்தேகப்பிராணி, உங்கள் கோபம் நியாயமானது. இந்தியாவில் எந்த ஆய்வில் சேருவதானாலும் அது மருத்துவ ஆய்வுகளுக்கான சிடிஆர்ஐ (CTRI) பதிவேட்டில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆய்வு மருந்துக்கு உங்களிடமே பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பாலாற்றங்கரை அம்மாவுக்கு ஒரு செய்தி. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் என் குடுவையை அந்தப் பக்கத்தில் யாரோ வாங்கி வைத்துக்கொண்டு ஓடியிருப்பார்கள் என்று தோன்றியது. அதுவரை அந்த எண்ணமே எனக்கு வந்ததில்லை.

இன்னொன்று. போன மாதம் எனக்கு மீண்டும் ரத்தம் வரத் தொடங்கியது. தம்முடையதையே பெற்றவர்களுக்கு, விருப்பமிருந்தால் இப்போது கொடையாளர் கரைசல் கொடுக்கிறார்கள். வரும் செவ்வாய்க்கிழமை போகிறேன். யாருடையது என்று சொல்லமாட்டார்கள். என்னுடையது அல்ல என்று மட்டும் உறுதி. அலுவலகத்தில் இந்த முறை யாரிடமும் சொல்லவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்தப் பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிற பிள்ளையா?” என்று கேட்டார்.