1881 சிசி மார்கன், 1889 சிசியைவிட அரிதாம்! யார் சொன்னது?

காசுப்பெட்டி:
வெள்ளிவேலன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அமெரிக்காவின் கார்சன் சிட்டி நாணயச்சாலையில் (அந்தச் சாலையைக் காட்டும் முத்திரை எழுத்துதான் சிசி) 1881இல் அடித்த மார்கன் என்கிற வெள்ளி டாலர் 2,96,000, 1889இல் அடித்தது 3,50,000, அதனால் 1881தான் அரிது, 1889க்குப் பணத்தைக் கொட்டியவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்கிறார். ஒரு 1889 சிசிக்காக நான்கு வருடம் காசு சேர்த்தவன் நான். அடித்தது எத்தனை என்பது ஒரு கணக்கு, இன்றைக்கு மிச்சம் எத்தனை என்பது வேறு கணக்கு. அமெரிக்க அரசின் பெட்டகத்தில் பை பையாகக் கிடந்த சிசி டாலர்களை 1972இலிருந்து 1980 வரை ஜிஎஸ்ஏ என்கிற அரசுத் துறை தபால் வழியாக விற்றது. அதில் 1881 சிசி 1,47,485. அடித்ததில் ஏறக்குறைய பாதி! 1889 சிசி எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று.

வெள்ளிவேலன்:
இவ்வளவு நீளமாக எழுதியும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. 2,96,000 சின்ன எண்ணா, 3,50,000 சின்ன எண்ணா? ஒன்றாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டால் சொல்லிவிடும்.

காசுப்பெட்டி:
அந்தப் பிள்ளைக்குப் பெட்டகம் தெரியாது, உங்களுக்குத் தெரிய வேண்டாமா? 1903இல் நியூ ஆர்லியன்சில் அடித்த டாலரை எடுத்துக்கொள்ளுங்கள். 44,50,000 அடித்தார்கள். ஆனாலும் 1962 வரை தேய்மானம் இல்லாத ஒன்றுக்கு விலைப்பட்டியலில் 1,500 டாலர் போட்டிருந்தது, ஏனென்றால் அதைக் கண்ணால் பார்த்தவர்களே குறைவு. அந்த வருடக் கடைசியில் கருவூலத்திலிருந்து மூட்டைகள் வெளியே வந்தன, விலை முப்பது டாலருக்கும் கீழே விழுந்தது. அடித்த எண்ணிக்கை மாறவே இல்லை, விலை மட்டும் மாறியது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வெள்ளிவேலன்:
என் வாயால் சொல்ல வேண்டியதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். 1903க்கு நடந்தது நாளைக்கு 1889 சிசிக்கும் நடக்கலாம். எங்கேயாவது ஒரு வங்கியில் ஒரு மூட்டை கிடந்தால் உங்கள் நான்கு வருடச் சேமிப்பு என்ன ஆகும்? இன்னொன்று, 1918 பிட்மன் சட்டத்தில் 27 கோடி வெள்ளி டாலரை உருக்கினார்கள், அதில் எந்த வருடத்துக் காசு எத்தனை போனது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அப்புறம் மிச்சக் கணக்கு உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? எழுதி வைத்த கணக்கு ஒன்றுதான்: 2,96,000.

சிசி_ரசிகன்:
வேலன் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. என்னிடம் 1881 சிசி அந்த ஜிஎஸ்ஏ கருப்புப் பெட்டியோடு இருக்கிறது. காசில் இருக்கிற பெண்முகத்தின் கன்னத்தில் இரண்டு கீறல், மற்றபடி அன்றைக்கு அடித்த மாதிரி பளபளக்கிறது. பின்பக்கம் மாலையின் முடிச்சுக்குக் கீழே இரண்டு சி, பார்த்துக்கொண்டே இருக்கலாம். இதை மட்டமாகப் பேச வேண்டாம்.

காசுப்பெட்டி:
மட்டமாக யார் பேசியது? அழகான காசுதான். அரிதான காசு இல்லை, அவ்வளவுதான். அந்தக் கீறல்களும் ஆயிரம் காசை ஒரே மூட்டையில் போட்டு உருட்டியதால் வந்தவை. பெட்டகத்தில் மூட்டையாகக் கிடந்ததற்கு உங்கள் காசே சாட்சி சொல்கிறது, தம்பி.

ஹூஸ்டன்_மெர்சி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். என்னிடம் ஒரு 1889 சிசி இருக்கிறது, கறுத்துப்போயிருந்ததால் சமையல் சோடா போட்டுத் தேய்த்தேன். நல்ல வெள்ளையாகிவிட்டது. விலை ஏறுமா?

காசுப்பெட்டி:
ஐயோ, அம்மா! விளக்குப் பக்கத்தில் சாய்த்துப் பாருங்கள், முகம் முழுக்க மயிரிழைக் கோடுகள் தெரியும். தரம் பார்க்கிற நிறுவனங்கள் அதைத் தேய்த்த காசு என்று ஒதுக்கிவிடும். முதலில் எடை போடுங்கள். 26.73 கிராம் இருக்க வேண்டும், புழங்கித் தேய்ந்த காசு என்றால் கொஞ்சம் குறையலாம். அடுத்து அந்த இரண்டு சியும் ஒட்டவைத்ததா என்று பாருங்கள். பிலடெல்பியா காசில் முத்திரை எழுத்தே கிடையாது, அதில் சி ஒட்டி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வெள்ளிவேலன்:
பார்த்தீர்களா, ஒட்டவைத்து விற்கிற அளவுக்கு 1889க்கு வெறி ஏற்றிவைத்ததே உங்களைப் போன்றவர்கள்தான். அந்த அம்மாவை இப்படிப் பயமுறுத்த வேண்டுமா? நானும் என் காசுகளைக் கழுவுகிறேன், ஒன்றும் ஆகவில்லை.

காசுப்பெட்டி:
கழுவுகிறீர்களா? அதையும் பெருமையாக வேறு சொல்கிறீர்கள்! போன மாதம் 1921 மார்கனை அபூர்வம் என்று எழுதினீர்களே, பிலடெல்பியாவில் மட்டும் அந்த வருடம் 4 கோடியே 46 லட்சம் அடித்தார்கள் என்று நான் சொன்னதும் காணாமல் போனீர்கள். உங்கள் வழிப்படியே, அடித்த எண்ணிக்கையை வைத்தே பார்த்தாலும் அது அபூர்வம் இல்லையே. அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

வெள்ளிவேலன்:
பேச்சை மாற்றாதீர்கள். 1921 கதை இங்கே எதற்கு? 2,96,000.

சிசி_ரசிகன்:
காசுப்பெட்டி ஐயா எந்த இழையில் வந்தாலும் கடைசியில் 1921இல்தான் கொண்டுவந்து நிறுத்துகிறார்.

காசுப்பெட்டி:
நிறுத்துவேன், பதில் வரும்வரை நிறுத்துவேன். அது இருக்கட்டும், 1885 சிசி வெறும் 2,28,000தான் அடித்தார்கள், கார்சன் சிட்டி மார்கன்களிலேயே அதுதான் குறைவு. வேலன் சொல்கிற கணக்குப்படி அதுதானே எல்லாவற்றுக்கும் மேலே நிற்க வேண்டும்? ஜிஎஸ்ஏ பெட்டகத்திலிருந்து அதில் 1,48,285 வந்தது. புத்தம்புது 1885 சிசியை எந்த நாணயக் கண்காட்சியிலும் வாங்கிவிடலாம், அதே தரத்தில் 1889 சிசிக்குப் பல மடங்கு கேட்பார்கள். ஒரே ஒரு வியாபாரியாவது 1885ஐயும் 1889ஐயும் ஒரே விலைக்குக் கொடுப்பாரா? காட்டுங்கள்.

வெள்ளிவேலன்:
வியாபாரி சொல்வது உங்களுக்கு வேதம். எனக்கு நாணயச்சாலை ஏடுதான் வேதம்.

ஹூஸ்டன்_மெர்சி:
எடை போட்டேன். 24.1 கிராம் காட்டுகிறது. இது நல்லதா?

வெள்ளிவேலன்:
உங்கள் தராசு சரியில்லை, அம்மா. கவலைப்படாதீர்கள்.

காசுப்பெட்டி:
தராசு சரியில்லையாம்! அம்மா, அவர் பேச்சைக் கேட்காதீர்கள். இரண்டு பக்கமும் படம் எடுத்து இன்றைக்கே போடுங்கள், சி எழுத்துகளைக் கிட்டத்தில் வைத்து எடுங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன். வேலன், 1921க்கு எப்போது பதில்?