உதவி: என் நிறுவனத்தின் பேட்சை (நிரல் மாற்றத்தை) நானே ரிவ்யூ செய்யலாமா?

கேட்டவர்: நிரல்வண்டு
ஒரு கட்டற்ற பேக்கப் மென்பொருளில் 4 ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன், கமிட் உரிமையும் (நிரலில் நேரடியாக மாற்றம் சேர்க்கும் உரிமை) உண்டு. இரண்டு மாதமாக ஒரு சேமிப்பக நிறுவனத்தில் பகுதிநேர வேலை. இப்போது அந்த நிறுவனத்தின் சேவையை எங்கள் மென்பொருளோடு இணைக்கும் பேட்ச் வந்திருக்கிறது. படித்துப் பார்த்தேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் என் ஒப்பந்தத்தில் ரகசியப் பிரிவு ஒன்று இருக்கிறது, வேலையைப் பற்றி வெளியே சொல்லலாமா என்றே புரியவில்லை. சொன்னால் என் பழைய கமிட்டுகளையும் சந்தேகிப்பார்களோ?

அரைத்தூக்கம்
நிரல் நன்றாக இருக்கிறதே, அப்புறம் என்ன? மெர்ஜ் செய்து (மென்பொருளில் சேர்த்து) விட்டுப் போங்கள்.

பழம்பெருச்சாளி
வேண்டாம் நண்பரே. பின்னால் யாராவது கண்டுபிடித்தால் நல்ல நிரலும் கெட்ட பெயர் வாங்கும்.

2014-இல் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத் திட்டத்தில், கணினியைத் தொடங்கிவைக்கும் நிரலாக சிஸ்டம்டியா அப்ஸ்டார்ட்டா என்று பெரிய சண்டை நடந்தது. அப்ஸ்டார்ட், உபுண்டுவை வெளியிடும் கனோனிக்கல் நிறுவனத்தில் உருவானது; முடிவெடுத்த தொழில்நுட்பக் குழுவில் கனோனிக்கல் ஊழியர்களும் இருந்தார்கள். அது எல்லோருக்கும் தெரியும் என்பதால் அவர்கள் வாதத்தை அதற்கேற்ப எடைபோட முடிந்தது. பைத்தான் நிரல்மொழித் திட்டம் ஒரு படி மேலே போய், 5 பேர் வழிகாட்டுக் குழுவில் ஒரே நிறுவனத்தார் 2 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதியே வைத்திருக்கிறது. அவர்களை யாரும் திருடர் என்று சொல்லவில்லையே!

ரகசியப் பிரிவுக்கு: "உங்கள் பெயரைச் சொல்லலாமா" என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், "இதில் எனக்குத் தொடர்பு உண்டு, விலகிக்கொள்கிறேன்" என்பதே போதும். அனுமதி கிடைத்தால் வேலையில் சேர்ந்த மாதத்தையும் பேட்சின் கீழே எழுதுங்கள். பழைய கமிட்டுகள் அதற்கு முந்தியவை என்பது தானாகத் தெரியும்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று சில ஒப்பந்தங்களில் இருக்கும். அதை உடனே பாருங்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

நிரல்வண்டு
நன்றி. சிக்கல் என்னவென்றால், கமிட் உரிமை எங்கள் இருவருக்குத்தான். மற்றவர் மாதக்கணக்கில் ஆளையே காணோம்.

பழம்பெருச்சாளி
கமிட் உரிமை இல்லாதவரும் ரிவ்யூ செய்யலாமே. அவர் சரி என்ற பிறகு, ரிவ்யூ செய்தவர் யார் என்று கமிட் குறிப்பில் போட்டுவிட்டு பொத்தானை மட்டும் நீங்கள் அழுத்துங்கள். தொழில்நுட்பக் கேள்விகளுக்குத் தாராளமாகப் பதில் சொல்லலாம்.

நிரல்வண்டு
பெயர் சொல்ல நிறுவனம் ஒப்புக்கொண்டது, எழுதிவிட்டேன். ஒப்பந்தத்தில் நீங்கள் சொன்ன பிரிவும் இருக்கிறது! திட்டத்துக்கு விலக்கு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் வரும்வரை புதிதாக எதுவும் கமிட் செய்யவில்லை.