ஊறலா, தேறலா? லிக்யூருக்கு ஒரு தமிழ்ச் சொல்

பலெர்மோவிலிருந்து

குழுவில உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ஒரு சொல் கேட்டு வந்திருக்கிறன். இத்தாலிச் சமையல் குறிப்புகளை இங்க இருக்கிற எங்கட சனத்துக்காகத் தமிழில எழுதிக்கொண்டு வாறன். பாஸ்தா, சோஸ் எல்லாம் சிக்கலில்லாமல் போச்சுது. லிமொன்செல்லோவில, அதுதான் தேசிக்காய் (இந்தியாவில எலுமிச்சை) போட்டுச் செய்யிற இத்தாலி லிக்யூரில, வந்து நிண்டிட்டன். ஆங்கிலத்தில குடிவகை முழுவதுக்கும் ஒரு சொல் (liquor), சீனி போட்டு மணமூட்டினதுக்கு வேற சொல் (liqueur). தமிழில எழுதினால் இரண்டும் "லிக்கர்". "லிக்யூர்" எண்டு எழுதிப் பார்த்தன், என்ர மனுசன் அதை லிக்குவிட் எண்டு வாசிச்சார்.

செய்முறை தெரிஞ்சால்தான் சொல் சொல்லலாம் எண்டு நீங்கள் கேட்பீங்கள், அதால எழுதிவிடுறன். நான் பராமரிக்கிற அம்மா சொரெந்தோப் பக்கம் பிறந்தவ, கலியாணம் கட்டி சிசிலிக்கு வந்தவ. அவ செய்யிறதைப் பார்த்து எழுதினது இது. மருந்தடிக்காத தேசிக்காய் பத்து. எங்கட ஊர்த் தேசிக்காய் மாதிரிச் சின்னன் இல்லை, ஒண்டே கைநிறைய இருக்கும், தோலும் தடிப்பு. உருளைக்கிழங்கு சீவிறதால மஞ்சள் தோலை மட்டும் சீவவேணும். உள்வெள்ளை வந்தால் கைக்கும். அவ ஒவ்வொரு சீவலையும் யன்னல் வெளிச்சத்தில பிடிச்சுப் பார்த்து, வெள்ளை ஒட்டியிருந்தால் கத்தி நுனியால சுரண்டி எடுப்பா. நான் சீவினதில பாதியைத் திருப்பித் தந்திட்டா.

அந்தத் தோலை ஒரு லீற்றர் அல்கஹோலில, நூற்றுக்கு 95, இருட்டில மூண்டு கிழமை வைக்கிறது. எடுக்கேக்க தோல் வெளிறி வத்தல் மாதிரி முறியும். துணியால வடிச்சு, ஒண்டரை லீற்றர் தண்ணியில 700 கிராம் சீனி கரைச்ச பாகை நல்லா ஆறவிட்டுச் சேர்க்கிறது. தெளிஞ்ச மஞ்சளா இருந்தது ஒரு நொடியில பால் விட்ட மாதிரிக் கலங்கிப்போகும்.

நான் "தேசிக்காய் ஊறல்" எண்டு எழுதி வைச்சிருக்கிறன். சரியோ?

சென்னையிலிருந்து

அக்கா, வேறு எது வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், "ஊறல்" மட்டும் வேண்டாம்.

நாளிதழில் மாவட்டச் செய்திகளைத் திருத்தும் மேசையில் பத்து வருடம் உட்கார்ந்தவன் நான். கல்வராயன் மலையில் இத்தனை லிட்டர் ஊறல் அழிப்பு, இத்தனை பேரல் ஊறல் கண்டுபிடிப்பு என்று வாரம் தவறாமல் வரும். தமிழ்நாட்டில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான்: வெல்லமும் பட்டையும் போட்டுப் புளிக்கவைத்தது, சாராயம் காய்ச்சுவதற்கு முந்தைய நிலை. "வீட்டிலேயே தேசிக்காய் ஊறல் போடுவது எப்படி" என்று தலைப்பு வைத்தால் உங்கள் குறிப்பை முதலில் படிப்பவர் மதுவிலக்குப் பிரிவு இன்ஸ்பெக்டராக இருப்பார்.

அது வேடிக்கை. இது வேடிக்கை இல்லை: அந்த 95 சதவீத ஆல்கஹாலுக்கு என்ன எழுதப் போகிறீர்கள்? "சாராயம்" என்றால் இங்கே ஒன்று, யாழ்ப்பாணத்தில் வேறொன்று. அங்கே தென்னஞ்சாராயம் கடையில் விற்கும் பொருள். இங்கே சாராயம் என்ற சொல்லுக்கு முன்னால் "கள்ள" தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். "எரிசாராயம்" இன்னும் மோசம். தொழிற்சாலைச் சரக்கும் எரிசாராயம், மெத்தனால் கலந்ததும் பேச்சில் எரிசாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். "எரிசாராயம் ஒரு லிட்டர்" என்று நீங்கள் எழுதி, அதைப் படித்துவிட்டு ஒருவன் பெயின்ட் கடைக்குப் போனால்?

லிக்யூருக்குச் சொல் கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை, முதலில் இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

பாளையங்கோட்டையிலிருந்து

சென்னைத் தம்பி சொல்வது நியாயம். ஆனாலும் ஊறலை முழுக்கப் போலீசுக்கு எழுதிக்கொடுத்துவிட எனக்கு மனம் வரவில்லை. சித்த மருத்துவத்தில் அக மருந்து முப்பத்திரண்டு வகை. அதில் ஒன்று தேனூறல். இஞ்சித் தேனூறல், நெல்லித் தேனூறல் என்று எங்கள் மருந்துக் கடையில் இன்றைக்கும் அந்தப் பெயரில்தான் விற்கிறோம், எந்த இன்ஸ்பெக்டரும் வந்ததில்லை. தனியே நின்றால்தான் ஊறல் கெட்ட பெயர் எடுக்கிறது. முன்னால் ஒரு சொல் சேர்ந்துவிட்டால் ஒழுங்காக நடந்துகொள்ளும்.

ஒரு வித்தியாசம் உண்டு. தேனூறலில் ஊறிய பொருளைத் தின்கிறோம். லிமொன்செல்லோவில் ஊறிய தோலைக் கொட்டிவிட்டு நீர்மத்தைக் குடிக்கிறார்கள். ஆகவே "மதுவூறல்" என்று வைத்தால் சாராயத்தில் போட்ட பழம் என்றுதான் என் காதில் விழும்.

இன்னொன்று, சகோதரி "வடிச்சு" என்று எழுதியிருக்கிறார். அதைக் கட்டாயம் மாற்றுங்கள். சோறு வடிப்பதும் வடிப்பது, வாலையில் ஏற்றிக் காய்ச்சி ஆவியைக் குளிரவைத்து எடுப்பதும் வடிப்பது. நாங்கள் தீநீர் என்பது இரண்டாவது வகை. ஓமவாட்டர் என்று குழந்தைக்குக் கொடுக்கிறார்களே, அதுதான் ஓமத்தீநீர். உங்கள் குறிப்பில் அடுப்பு பாகுக்கு மட்டும்தான். சாராயம் அடுப்புப் பக்கமே போகவில்லை. அதனால் "வடிகட்டி" என்று எழுதுங்கள். ஓர் எழுத்துக்கூட்டம் விட்டுப்போனால் செய்முறையே வேறாகிவிடும்.

பலெர்மோவிலிருந்து

நன்றி பாளையங்கோட்டை டொக்டர். உடனே மாத்திட்டன். இங்கேயும் சட்டம் அப்படித்தான். வரி கட்டி விக்கிற அல்கஹோலை வாங்கி ஊறவைக்கிறது பிழையில்லை, வீட்டில காய்ச்சி வடிக்கிறது குற்றம். ஒரு சொல்லில இரண்டும் வந்தால் எனக்குத்தான் வில்லங்கம்.

மதுரையிலிருந்து

சொல் நம்மிடம் இருக்கிறது. தேறல்.

புறநானூறு 56இல் நக்கீரர் பாண்டியன் நன்மாறனை வாழ்த்தும்போது "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார். யவனர் நல்ல கலத்தில் கொண்டுவந்த, குளிர்ந்த, மணக்கும் தேறல். கப்பலில் வந்தது, குளுமையானது, மணமுள்ளது. லிமொன்செல்லோவையும் குளிரவைத்துத்தான் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இதைவிடப் பொருத்தம் என்ன வேண்டும்? 120ஆம் பாட்டில் கபிலர் "நிலம்புதைப் பழுனிய மட்டின் தேறல்" என்பார். மண்ணில் புதைத்து முதிரவைத்தது. இருட்டில் மூன்று வாரம் வைப்பதும் அந்த வழிதான்.

தேறு என்றால் தெளி. தேற்றாங்கொட்டை என்ற பெயரும் அங்கிருந்துதான். கலங்கிய கிணற்றுத் தண்ணீரைக் குடத்தில் ஊற்றும் முன் என் தாயார் குடத்தின் உள்பக்கத்தில் அந்தக் கொட்டையை நாலு இழை இழைப்பார்கள். காலையில் சேறு அடியில் இருக்கும், மேலே பளிங்கு. கசடு போய்த் தெளிந்த மது எதுவோ அது தேறல்.

பெங்களூரிலிருந்து

ஐயா மன்னிக்க வேண்டும். இரண்டு தடங்கல்.

முதலாவது, அந்தத் தேறல் புளித்த மது. இது காய்ச்சி வடித்த சாராயத்தில் ஊறவைத்தது. இரண்டாவது, தெளிந்ததுதான் தேறல் என்றால் லிமொன்செல்லோ தேறல் இல்லை. அக்கா எழுதியதைப் பாருங்கள், பாகு சேர்ந்ததும் கலங்குகிறது. தோலில் இருக்கும் எண்ணெய், பெரும்பாலும் லிமொனீன், 95 சதவீத ஆல்கஹாலில் முழுக்கக் கரைந்திருக்கும். தண்ணீர் சேர்ந்ததும் கரையாமல் நுண்துளிகளாகப் பிரிந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். கலங்கியிருந்தால் எண்ணெய் நன்றாக இறங்கியிருக்கிறது என்று பொருள். 40 சதவீத வோட்காவில் ஊறவைத்தால் அவ்வளவு எண்ணெய் இறங்காது.

கலைச்சொல் என்றால் வரையறை வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதிப்படி லிக்யூர் என்று பெயர் போட ஆல்கஹால் குறைந்தது 15 சதவீதம், சர்க்கரை லிட்டருக்குக் குறைந்தது 100 கிராம் இருக்க வேண்டும் (செர்ரி, ஜென்ஷியன் வேர் போன்ற சிலவற்றுக்குச் சற்றுக் குறைவு). பெயருக்கு முன்னால் "கிரெம்" (பிரெஞ்சில் பாலேடு) வந்தால் 250 கிராம். பெயரில் பாலேடு இருக்கிறதே தவிர போத்தலில் ஒரு சொட்டுப் பாலேடு கிடையாது, சர்க்கரையின் அடர்த்திக்குத்தான் அந்தப் பெயர். அக்காவின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் மூன்று லிட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். ஆல்கஹால் ஏறக்குறைய 32 சதவீதம், சர்க்கரை லிட்டருக்கு 240 கிராம். தாராளமாக லிக்யூர்.

சர்க்கரையே போடாமல் மிளகாயோ வெனிலாவோ ஊறவைத்த வோட்காவும் உண்டு. அது லிக்யூர் ஆகாது. ஆக நமக்கு இரண்டு சொல் தேவை. இரண்டையும் பிரிப்பது சர்க்கரை.

மதுரையிலிருந்து

எள்ளின் நெய் எண்ணெய். தம்பி வீட்டில் தேங்காய் எண்ணெய் வாங்குவதில்லையா? அதில் எள் எங்கே இருக்கிறது? மண்ணெண்ணெய் வரைக்கும் வந்துவிட்டோம். சொல் பிறந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்காது. தேறலும் அப்படித்தான், புளித்தது என்ற பொருளைத் தாண்டி வரட்டும். கலங்கலைப் பற்றிக் கேட்டீர்கள். தோலையும் கசடையும் வடிகட்டி நீக்குகிறார்களே, தேற்றுதல் அந்த இடத்தில் நடந்துவிட்டது. அதற்குப் பிறகு பாகு ஊற்றிக் கலக்கினால் அதற்குத் தேறல் பொறுப்பில்லை.

இரண்டு சொல் என்பதை ஏற்கிறேன். சர்க்கரை இல்லாதது ஊறுதேறல். ஊறுகாய் போல வினைத்தொகை. இனிப்புள்ளது இன்+தேறல், புணர்ச்சி விதிப்படி இன்றேறல்.

சென்னையிலிருந்து

ஐயா, "இன்றேறல்" என்பதை நான் இன்று ஏறல் என்றுதான் படித்தேன். பக்கத்து மேசைக்காரரிடம் காட்டினேன், அவரும் அப்படியே. குடித்தால் இன்றைக்கே ஏறும் என்று உத்தரவாதம் கொடுப்பது போல இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து

சிரித்து முடித்துவிட்டு எழுதுகிறேன். "மணத்தேறல்" என்று யாராவது தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், அது கல்யாண வீட்டில் ஊற்றுவது என்று ஆகிவிடும்.

ஊறுதேறல் எனக்குப் பிடித்திருக்கிறது, ஒரு ஐயத்தோடு. ஊறுகாயில் ஊறுவது காய். ஊறுதேறலில் ஊறுவது தேறல் இல்லையே, தோல் அல்லவா?

மதுரையிலிருந்து

ஊறுதலுக்கு நனைந்து கிடப்பது மட்டுமா பொருள்? "தொட்டனைத் தூறும் மணற்கேணி" குறளில் மணல் நனைந்து கிடக்கிறது என்றா சொன்னார்? சுரக்கிறது என்றார். தோலிலிருந்து மணமும் நிறமும் சுரந்து தேறலில் ஏறுகின்றன. சுரந்து பெருகும் தேறல், ஊறுதேறல். வினைத்தொகை நிற்கும்.

பலெர்மோவிலிருந்து

ஐயா, நீங்கள் மணற்கேணி எண்டு எழுதினதை வாசிச்ச பிறகு எனக்கு வேற சொல் வேண்டாம். ஊறவைச்சது எல்லாம் ஊறுதேறல்.

சீனி போட்டதுக்கு நான் ஒண்டு சொல்லட்டோ? இரண்டையும் பிரிக்கிறது சீனி எண்டு பெங்களூர்த் தம்பி சொன்னார். குசினியில அது சீனியாப் போறதில்லை, பாகாத்தான் போகுது. டொக்டரிட்ட மணப்பாகு எண்டு ஒரு மருந்து இருக்குமே, அந்தப் பாகுதான். பாகு சேர்ந்தது பாகுத்தேறல். எலுமிச்சைப் பாகுத்தேறல் எண்டு இந்தியாக்காரரும் தேசிக்காய்ப் பாகுத்தேறல் எண்டு நாங்களும் எழுதலாம், அந்தச் சண்டையை வேற நாளைக்கு வைப்பம். கலங்கினதுக்கும் பொருந்தும், கலங்காததுக்கும் பொருந்தும். வடக்கில மொதெனாப் பக்கம் யூன் 24, புனித யோவான் திருநாளை ஒட்டிப் பச்சை வால்நட் பறிச்சு ஒண்டு செய்வினம், நொச்சீனோ எண்டு பேர். அது கறுத்த நிறம், கோப்பி மாதிரி. அதுவும் பாகுத்தேறல்தான்.

இனி அல்கஹோல். சென்னைத் தம்பி பெயின்ட் கடை எண்டு எழுதினதிலயிருந்து எனக்கு நித்திரை இல்லை, ஏனெண்டால் இங்கேயும் அதே கதைதான். சுப்பர்மார்க்கெற்றில இரண்டு விதம் இருக்கு. குடிவகை செய்யிறது பச்சைத்தண்ணி நிறம். யன்னல் துடைக்கிறதில நஞ்சு கலந்து, பிழையாக் குடிச்சிடக் கூடாதெண்டு றோசாக் கலர் போட்டிருப்பினம். இரண்டு போத்தலிலும் பெரிய எழுத்தில அல்கஹோல் எண்டு இருக்கும். வந்த புதுசில இத்தாலியன் வாசிக்கத் தெரியாமல், நிறம் வடிவா இருக்கெண்டு றோசாப் போத்தலைத் தூக்கிக்கொண்டு போய் அந்த அம்மாட்டக் குடுத்தன். அவ ஒண்டும் பேசேல்லை. போத்தலைக் கொண்டுபோய் விளக்குமாறுக்குப் பக்கத்தில வைச்சிட்டு வந்தா.

அதால சாராயம் எண்டும் எரிசாராயம் எண்டும் எங்கயும் எழுதமாட்டன். எங்கட பாடப்புத்தகத்தில படிச்ச "மதுசாரம்" இருக்கு. அதுக்கு முன்னால "உணவுத்தர" எண்டு போட்டு, "உணவுத்தர மதுசாரம், நிறமற்றது, நூற்றுக்கு 95" எண்டு எழுதப் போறன். நிறமற்றது எண்டதைத் தடித்த எழுத்தில.

பெங்களூரிலிருந்து

பாகுத்தேறலுக்கு என் வாக்கு. உணவுத்தர மதுசாரத்துக்கு இரண்டு வாக்கு. நிறத்தோடு ஒரு வரி கூடச் சேருங்கள் அக்கா: இந்தியாவில் தொழிற்சாலைச் சரக்கு எல்லாவற்றிலும் சாயம் இருக்காது, நிறமற்ற நஞ்சும் உண்டு. அதனால் "குடிப்பதற்கென்று முத்திரையிட்டு விற்பது" என்பதையும் தடித்த எழுத்தில் போடுங்கள். பக்கத்தில் அடுப்பு எரியக் கூடாது என்றும்.

பலெர்மோவிலிருந்து

சேர்த்தாச்சு.

மதுரையிலிருந்து

மகிழ்ச்சி. ஒன்றே ஒன்று. நெடில்தொடர்க் குற்றியலுகரத்தின் முன் வேற்றுமையில் வல்லினம் மிகாது என்பது நன்னூல். நாகு கால் என்பது போல. ஆகவே பாகுதேறல். "த்" வேண்டியதில்லை.

சென்னையிலிருந்து

ஐயா, இன்றைக்குப் பாதிப் பேர் உருபும் பயனும் தொக்க தொகை என்று சொல்லி மிகவைத்துத்தான் எழுதுகிறார்கள். "த்" இல்லாவிட்டால் நாக்கு தடுக்குகிறது.

பலெர்மோவிலிருந்து

ஐயா, ஞாயிற்றுக்கிழமை ஆறு போத்தலுக்கு "த்" போட்டு லேபல் எழுதி ஒட்டிப்போட்டன். அந்த அம்மா தமிழ் எழுத்தைக் கண்ணாடி போட்டுப் பார்த்து, வடிவா இருக்கெண்டு சொல்லி ஒண்டைத் தன்ர மகளுக்கு எடுத்து வைச்சிட்டா. மிச்சம் அஞ்சு குளிர்ப்பெட்டியில கிடக்கு. நொச்சீனோ போடேக்க "த்" இல்லாமல் எழுதிப் பார்க்கிறன்.