இருவர் தனித்தனியே படித்துத் தேர்ந்தெடுத்தபோது: என் மீளாய்வு அனுபவம்

பலதுறை மருந்தகத்தில் தாதியாகப் பணியாற்றிக்கொண்டே, பகுதிநேர முதுநிலைப் படிப்புக்காக முறைசார் இலக்கிய மீளாய்வு ஒன்றைச் செய்தேன்; அதாவது, ஒரு கேள்விக்கான ஆய்வுக் கட்டுரைகளை முன்கூட்டியே வகுத்த விதிகளின்படி தேடி, தேர்ந்தெடுத்து, மதிப்பிட்டுத் தொகுப்பது. நீரிழிவுள்ள இந்திய வம்சாவளியினருக்கு வழங்கப்படும் உணவு ஆலோசனை, அவர்களுடைய இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்பதே கேள்வி. இத்தகைய பணியைத் தொடங்கவிருப்பவர்களுக்கு, கட்டுரைகளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தைப் பற்றியே நான் அதிகம் சொல்ல விரும்புகிறேன்.

தேடலுக்கு முன்பே திட்டவரைவை எழுதி, மீளாய்வுத் திட்டங்களை முன்கூட்டியே பதிவதற்காக யார்க் பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கிய பிராஸ்பெரோ பதிவேட்டில் பதியுமாறு நெறியாளர் வலியுறுத்தினார். முடிவுகளைப் பார்த்த பிறகு கேள்வியைச் சத்தமின்றி மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை அந்தப் பதிவு அடைத்துவிடுகிறது. மருத்துவக் கட்டுரைத் தரவுத்தளங்களில் இடும் தேடல் தொடரை அமைக்கப் பல்கலைக்கழக நூலகர் உதவினார். பப்மெட் என்ற தரவுத்தளத்துக்கு எழுதிய தொடரை அப்படியே எம்பேஸ் என்ற மற்றொன்றில் இட முடியாது. கட்டுரைகளை வகைப்படுத்த இரண்டும் வெவ்வேறு பொருட்தலைப்புகளைப் பயன்படுத்துகின்றன. நூலகரை முதல் வாரத்திலேயே சந்தித்துவிடுங்கள்.

தேர்வுக் கட்டத்தில் என்னுடன் இணைந்தவர் மலாய்ச் சக தாதி ஒருவர். ஒருவர் முடிவு மற்றவருக்குத் தெரியாதபடி கட்டுரைத் தேர்வுக்கான ரய்யான் மென்பொருளில் தலைப்புகளையும் சுருக்கங்களையும் படித்தோம். பிரிட்டனில் நடந்த ஆய்வுகளில்தான் கருத்து வேறுபாடு எழுந்தது. அங்கே இந்தியர், பாகிஸ்தானியர், பங்களாதேஷியர் ஆகிய மூவரையும் தெற்காசியர் எனப் பெரும்பாலும் ஒரே பிரிவில் அடக்கிவிடுகிறார்கள்; சிங்கப்பூர் ஆய்வுகளிலோ இந்தியர் என்பது தனிப் பிரிவு. அந்தப் பிரிட்டன் ஆய்வுகளை அவர் சேர்த்தார், நான் விலக்கினேன். இருவரும் எங்கள் விதிப்படியே நடந்திருந்தோம். விதிதான் இரு பொருளுக்கும் இடம் கொடுத்திருந்தது. நெறியாளருடன் பேசி, இந்திய வம்சாவளியினரின் முடிவுகள் தனியாகத் தரப்பட்டிருந்தால் மட்டுமே சேர்ப்பது என்று தீர்மானித்தோம். மாற்றத்தின் தேதியையும் காரணத்தையும் பதிவேட்டில் குறித்துவிட்டு, ஏற்கெனவே பார்த்தவற்றையும் புதிய விதிப்படி மீண்டும் பார்த்தோம். இருவரின் உடன்பாட்டைத் தற்செயலுக்குக் கழிவு கொடுத்து அளக்கும் கோஹன் கப்பா மதிப்பைப் பலரும் அறிக்கையில் தருகிறார்கள், தர வேண்டியதுதான். ஆனால், எந்த வகைக் கட்டுரையில் மாறுபட்டோம் என்பதை அந்த எண் சொல்லாது. அதற்கு, மாறுபட்ட கட்டுரைகளை ஒன்றாக வைத்துப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

முழுக் கட்டுரையைப் படித்து விலக்கும்போது காரணத்தை உடனுக்குடன் எழுதிவையுங்கள். மீளாய்வு அறிக்கையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லும், 27 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா 2020 வழிகாட்டியின் ஓட்டப்படத்தில், அந்தக் கட்டத்தில் விலக்கப்பட்டவற்றைக் காரணவாரியாகக் காட்ட வேண்டியிருக்கும்.

தர மதிப்பீட்டைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். உணவு ஆலோசனை பெறுகிறோம் என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க இயலாது; அதற்காக எல்லா ஆய்வுகளையும் ஒரே தட்டில் வைத்துக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி இரத்தச் சர்க்கரையைக் காட்டும், ஆய்வகத்தில் அளக்கப்படும் எச்பிஏ1சி அளவு, நோயாளி தாமே சொல்லும் உணவுக் குறிப்பைப் போல அந்த அறிதலால் எளிதில் சாய்வதில்லை. ஆகவே ஒவ்வொரு விளைவையும் தனித்தனியே மதிப்பிட்டோம். ஆலோசனையின் கால அளவும் வடிவமும் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் வேறுபட்டதால், எண்களை ஒன்றாகச் சேர்க்காமல் கால அளவின்படி பிரித்து விவரித்தோம்.

சமர்ப்பிக்கும் முன் எல்லாத் தரவுத்தளங்களிலும் தேடலை மீண்டும் இயக்கி, புதிதாக வந்தவற்றையும் அதே விதிகளின்படி இருவரும் தனித்தனியே பாருங்கள்.