ஆட்டுக்கு இறுங்கு சைலேஜ்: எந்த இனம் போடலாம்?

ஹாலிஎல_ஆடு
ஹாலிஎல பக்கம் கால் ஏக்கர் இருக்கு. மாரி மழைக்கு இறுங்கு (சோர்கம்) போட்டு, ஜூலை–செப்டெம்பர் வரட்சிக்கு நீல பெரல்ல சைலேஜ் (காத்துப் புகாம அடைச்சுப் புளிக்க வைக்கிற தீவனம்) அடைக்க யோசனை. தானிய இறுங்கு, இனிப்புத் தண்டு, சூடான் புல் கலப்பு மூணு விதையும் கிடைக்குது. பெரிய ஆடு 12, அதில 5 சினை. எது நல்லம்?

பசறை_பட்டி
இனிப்புத் தண்டு. தண்டுல சீனி இருக்குறதால மொலாசஸ் (கரும்புப் பாகு) ஊத்தாமலே புளிக்கும். ஆனா பூத்த கையோட வெட்டிடாதீங்க, ஈரம் கூடி அடியில சாறு தேங்கி நாறும். மணியை நகத்தால நசுக்கினா பால் வராம மாவா வரணும், அப்போ வெட்டுங்க. தானிய இனத்துல சக்தி கூட, தழை குறைவு, குருவிக்குக் காவலும் இருக்கணும். சூடான் கலப்பு பச்சையா வெட்டிப் போடத்தான்.

வெலிமடை_02
சூடானை அப்படித் தள்ளாதீங்க அண்ணா. தடிச்ச தண்டை மாடு மெல்லும். ஆடு இலையைப் பொறுக்கிட்டு தண்டைத் தொட்டியிலயே விட்டுடும். இனிப்புத் தண்டுன்னா 1–2 சென்டிமீற்றருக்கு நறுக்கணும், கத்தியால அது நடக்காது. மெஷின் இல்லாட்டி சூடான்தான், வெட்டி அரை நாள் வாட விட்டு அடைங்க.

ஈரம் பார்க்க, நறுக்கினதை ஒரு பிடி அள்ளி அரை நிமிஷம் இறுக்குங்க. சாறு சொட்டினா இன்னும் வாடணும். கையைத் திறந்ததும் பொலபொலன்னு உதிர்ந்தா காஞ்சு போச்சு. மெதுவா விரிஞ்சா சரி. அரை அடிக்கு ஒருக்கா ஏறி மிதிங்க. 200 லீற்றர் பெரல்ல 100 கிலோ கூட போகலன்னா மிதி பத்தல, உள்ள காத்து நின்னு பூஞ்சணம் வரும்.

ஹாலிஎல_ஆடு
மெஷின் இல்ல. சினை ஆட்டுக்குப் பயமில்லையா? மறுதுளிரையும் அடைக்கலாமா?

பசறை_பட்டி
மெஷின் இல்லன்னா வெலிமடைத் தம்பி சொல்றதுதான் சரி. மறுதுளிர் முழங்கால் உயரத்துல இருக்கும்போது தொடவே வேணாம், சயனைட் நஞ்சு அப்போதான் கூட. வாடி நின்னு மழைக்குத் துளிர்த்ததும் அப்படித்தான். இடுப்புக்கு மேல வளரட்டும். அடைச்சா நஞ்சு குறையும், முழுசாப் போகாது. 6 கிழமைக்கு முன்னாடி திறக்காதீங்க.

சினைக்குப் பயம் மண்ணும் பூஞ்சணமும். லிஸ்டீரியா கிருமி அங்கதான் பெருகும், குட்டி வீசிடும். ஆடு ஒரே பக்கமா சுத்தினா, ஒரு காது தொங்கினா உடனே மிருக வைத்தியரைக் கூப்பிடுங்க. அதனால அரை அடி கட்டை விட்டு வெட்டுங்க, மண் ஒட்டாது. பெரல்ல மேல் பூஞ்சணத்தைச் சுரண்டிட்டு மிச்சத்தைக் கொடுக்குற பழக்கம் ஆட்டுக்கு ஆகாது.

சைலேஜை ஒரு ஆட்டுக்கு ஒரு நாளைக்குக் கால் கிலோவுல தொடங்கி 10 நாள்ல ஒன்றரை கிலோவுக்கு ஏத்துங்க. புரதம் இதுல கம்மி, கிளிரிசீடியாவோ பலா இலையோ கூடவே கட்டணும். அந்தக் கணக்குல 12 ஆட்டுக்கு ஒரு பெரல் ஒரு கிழமை வரும். திறந்த பெரலை அதுக்கு மேல இழுக்காதீங்க.